விளக்குக் கணக்கு

ஏகாம்பரம் வீதியில் என் கடை.
கணவாய்க்குப் போகும் வள்ளங்களுக்கு
நான்தான் பல்ப் விற்பது.
எல்லாம் ஒரே பெட்டி, ஒரே வாற்ஸ், ஒரே விலை.
கடன் கொப்பியில் பெயர்கள் மட்டும் வேறு.

சோழகம் படுத்த இரவுகளில்
கடையைப் பூட்டிவிட்டு டச்பே கரைக்கு நடப்பேன்.
கடல் முழுக்க என் பல்புகள்.
ஒன்று கண்ணைக் கூசும், ஒன்று மினுங்கும்,
ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம்.
எல்லாம் ஒரே வெளிச்சம் என்று தெரிந்தவளுக்கு
மங்கலெல்லாம் தூரம்.
இரட்டைத் தூரம் போனால் நாலிலொரு பங்கு,
மும்மடங்கு போனால் ஒன்பதிலொன்று.
நூல் பிடிக்காமலே கடலை அளந்துவிடலாம்.

வானத்தையும் இப்படித்தான் அளந்தார்கள்.
கண்ணாடித் தகடுகளைப் பார்க்க
மணிக்கூலிக்கு இருந்த பெண்களில் ஒருத்தி கண்டாள்:
சில நட்சத்திரங்கள் பெருத்துச் சிறுத்து மூச்சுவிடும்.
மூச்சு எவ்வளவு மெதுவோ
அவ்வளவு பெரிய வெளிச்சம்.
மூச்சை எண்ணினால் வாற்ஸ் தெரியும்,
வாற்ஸ் தெரிந்தால் தூரம்.
அந்தக் கணக்கில்தான்
பக்கத்துப் புகைமூட்டம் என்று நினைத்த ஒன்று
இன்னொரு பால்வீதியாகி
எட்டாத் தொலைவுக்கு நகர்ந்தது.
அந்த அறையில் அவளுக்கு
யாராவது தேத்தண்ணி கொடுத்தார்களா, தெரியாது.

போன வைகாசியில்
பாலையூற்று எமிலியான் திரும்பி வரவில்லை.
நடுச்சாமத்தில் கிறேஸ் என் கையைப் பிடித்தாள்.
விளக்கைப் பார்த்தேன். நல்ல வெளிச்சம்.
"கிட்டத்தான் நிக்கிறார், பாடு நல்லம் போல" என்றேன்.
அவள் போய்ப் படுத்தாள்.

எமிலியான் எனக்குச் சொல்லாமல்
கிண்ணியாவில் புது எல்ஈடி வாங்கியிருந்தான்.
நாலு மடங்கு வெளிச்சம்.
இஞ்சின் பழுதாகி,
நான் சொன்னதில் இரண்டு மடங்கு தூரத்தில்
இழுபட்டுக்கொண்டிருந்தான்.
மூன்றாம் நாள் புல்மோட்டைக்கு அப்பால்
யாரோ கயிறு போட்டு இழுத்து வந்தார்கள்.
கிறேஸ் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பிறகுதான் வாசித்தேன்,
அவர்களுக்கும் நடந்ததாம்.
ஒரு பெரிய யுத்தம். விமானங்களுக்குப் பயந்து
ஒரு நகரமே விளக்கணைத்தது.
பின்னால் மலையில் தொலைநோக்கியோடு ஒருவர்
அதுவரை ஒட்டிக் கிடந்த நட்சத்திரங்களைப்
பிரித்துப் பார்த்தார்.
மூச்சுவிடுபவை ஒரு வகையல்ல, இரண்டு.
சில வருசம் கழித்து ஒரு கூட்டத்தில் சொன்னார்:
நீங்கள் நினைத்ததில் இரண்டு மடங்கு தூரம், எல்லாமே.
பிரபஞ்சம் இரட்டித்தது.
ஒரு நட்சத்திரமும் அசையவில்லை.

எங்களுக்கும் இருட்டு இருந்தது, வருசக்கணக்கில்.
கடலுக்கு விடாத இரவுகள்,
ஒரு விளக்கும் இல்லாத கடல்.
கோணமலைக்கு மேலே பால்வீதி கொட்டிக் கிடந்தது.
நாங்கள்
நாய் குரைக்கும் தூரத்தை அளந்துகொண்டிருந்தோம்.

இப்போது கொப்பியில் ஒரு கோடு
கூட இழுத்திருக்கிறேன்.
பெயர், தொகை, பாக்கி,
வேறு விளக்கு உண்டா.
ஆட்கள் சிரிக்கிறார்கள். சிலர் பொய் சொல்லுகிறார்கள்.
கரையில் நின்று யாருக்கும்
கிட்ட என்று சொல்லுவதை
விட்டுவிட்டேன்.