இரண்டாம் முகம்

இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகங்கள்.
வெளியிலிருந்து எண்ண வேண்டும்.
ஒன்றாம் முகத்தில் முட்டம் கடல் வந்து அறையும்,
நான்காம் முகத்தை டெல்பின் அக்கா துடைப்பாள்.
இரண்டும் மூன்றும்
ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும்,
பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி,
யார் கையும் படாமல்.

"வினாகிரி போட்டாச்சு, பேப்பர் வச்சுத் தேச்சாச்சு,
ஏணி வச்சு வெளியவும் ஆளு ஏறியாச்சு.
போமாட்டேங்கு.
அழுக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

ரெண்டு இடத்திலும் இல்லை.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
கீழ் விளிம்பில் கடுகு சிதறியதுபோல் புள்ளிகள்.
அவற்றிலிருந்து மேலே
தேமலாய்ப் படர்ந்திருந்தது, இரண்டாம் முகத்தில்.

அங்கேதான் பூச்சு.
வெள்ளி அக்கா, என்றேன். அசல் வெள்ளி.
தலைமுடி ஒன்றை ஐயாயிரமாய் வகுந்தால்
அதில் ஒரு பங்குக் கனம்.
வெளிச்சத்தை உள்ளே விட்டு
சூட்டை வாசலில் நிறுத்திவைக்கும்.
"வெள்ளின்னா புளி போட்டுத் தேச்சா வெளுக்குமே"
என்றாள், தன் கால் கொலுசைப் பார்த்து.
சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

கொலுசுக்கு வியர்வை பழக்கம்.
இந்த வெள்ளி ஈரமே அறியாமல்
பத்து வருடம் இருப்பதாக
வாரண்டிக் காகிதம் சொல்கிறது.
சுற்றிலும் ஒரு கறுப்புப் பசை, அதன்மேல் இன்னொரு பசை,
அலுமினியச் சட்டத்தின் வயிற்றில்
ஈரம் குடிக்கிற மணிகள், கசகசாவைவிடச் சற்றே பெரிசு.

ஆனால் மூடிய பெட்டியும் மூச்சு விடும்.
வெயில் ஏற உள்காற்று உப்பும்,
கண்ணாடி தொந்தி தள்ளும்.
ராத்திரியில் ஒட்டிப்போகும்.
நாளுக்கொரு தரம் பசையை
இழுத்து, அமுக்கி, இழுத்து,
ஆறு ஆடி, ஆறு ஐப்பசி.
மணிகள் குடித்துக் குடித்து நிறைந்துவிட்டன.
நிறைந்தபின் மணி வெறும் மணல்.

போதாததற்கு, சட்டத்தின் அடியில்
வெள்ளம் வடிகிற துளையை
அழகுக்காக அடைத்திருந்தான் பெயின்டர்.
ஈர்க்குச்சியால் குத்தினேன்.
ஐப்பசி மழை மாசியில் ஒழுகிற்று.
நக்கிப் பார்க்கத் தேவையில்லை. பார்த்தேன்.
கரித்தது.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி. காரணம்.
"கடற்காற்று" என்று போட்டால் கம்பெனிக்குச் சந்தோஷம்.
கடற்காற்றுக்கு வாரண்டி கிடையாது.
முட்டத்தில் அது தின்னாத கிரில் உண்டா, கொண்டி உண்டா?
இன்னொரு பழி கூடினால்
அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

"க" எழுதினேன்.

பசை ஓடும் இடத்தில், ஒரு விரற்கடை அகலம்,
பூச்சைக் கல் வைத்து உரித்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும்.
பசை கண்ணாடியைப் பிடிக்க வேண்டும்.
வெள்ளியைப் பிடித்தால்
அந்த வெள்ளியே திரி. ஈரம் அதன்வழி ஏறும்.
இதில் மூன்று பக்கம் உரித்திருக்கிறது.
நாலாவது பக்கம், அடிப்பக்கம்,
ஓரம்வரை பளபளப்பு.

அன்று கல் தேய்ந்துபோயிருந்தது.
லாரி ஷெட் வாசலில் ஹாரன் அடித்தது.
ஒன்பது ஜன்னல் ஏற்ற வேண்டும்.
"ஒட்டும் ஓய், இரண்டாம் முகத்தை எவன் பாக்கப் போறான்"
என்று யாரோ சொன்னார்கள்.
யாரும் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
மூலையில், நகம் அளவு ஸ்டிக்கரில்,
தேதியும் ஒட்டியவர் பெயரும்:
ம. ரசலையன்.
என் கையெழுத்து சின்னது,
ஆனால் படிக்க முடியும்.

டெல்பின் அக்கா கட்டன் சாயாவோடு வந்தாள்.
"க" அப்படியே நின்றது, மை காய்ந்து.
அதை அடிக்கவில்லை.
பக்கத்தில் மீதியை எழுதினேன்:
கவனக்குறைவு.

மிச்சம் எட்டு ஜன்னலின் விலாசமும் என்னிடம் இருக்கிறது.
இரண்டு, குளச்சலில். ஒன்று எங்கள் பாதிரியார் வீட்டில்.

"புதுசு போட்டா எத்தன வருசம் நிக்கும்?"
சாயாவை ஊதினேன்.
அந்தத் துளையை மட்டும் அடைக்க விடாதீங்க அக்கா,
என்றேன்.