துதிக்கை உள்ள எழுத்து

லீ பஜார் எடைமேடையில் அப்போது
தெய்வானைக்கு மாதம் தொண்ணூறு ரூபாய்.
லாரி ஏறும், முள் நடுங்கும்,
ஜவ்வரிசி இத்தனை மூட்டை என்று சீட்டெழுதுவாள்.
வீணான சீட்டின் முதுகில்
கதை.

அவள் கதைகளெல்லாம் உள்ளங்கை அகலம்.
வரிக்கு நாலு சொல்லுக்கு மேல் இடமில்லை.
"எப்படி இவ்வளவு எளிமை?" என்று
பின்னாளில் மேடையில் கேட்டார்கள்.
"சீட்டு சின்னது" என்றாள். சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

முதல் கதையில் ஒரு யானை
எடைமேடையில் ஏறி, இறங்க மறுக்கிறது.
அவ்வளவுதான் கதை.
மெட்ராசுக்கு அனுப்பினாள், திரும்பியது.
நீதி இல்லையாம்.
"பொய் சொல்லாதே" என்று கடைசியில் ஒரு வரி ஒட்டி
மறுபடி அனுப்பினாள்.
யானை எங்கே பொய் சொன்னது என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார் ஆசிரியர்.
நியாயம்தானே.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன்.
கொலுசை விற்ற பணத்தோடு வந்து
முந்நூறு பிரதி கேட்டாள்.
எழுத்துச் சீர்திருத்தம் வந்த புதிது.
ணை, லை, ளை, னை
முன்னே வளைத்துத் தூக்கியிருந்த தும்பிக்கைகள் போய்
புது அச்செழுத்து இறங்கியிருந்தது.
அரசாணை என்கிற சொல்லிலேயே ஒன்று போயிருந்தது.
யானையில் போயிருந்தது.
தெய்வானையிலும்.
புரூஃபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
"மூக்கறுத்துட்டீங்களே" என்றாள்.
நான் சம்பளக்காரன், என்ன சொல்வேன்?
டீ வரவழைத்தேன்.

முதலில் வாங்கியவர்கள் லாரிக்காரர்கள்.
சங்ககிரி, நாமக்கல், ராசிபுரம் என்று
டூல்ஸ் பெட்டிக்குள் பயணம் போயிற்று யானை.
கிரீஸ் விரல் படாத பிரதி
ஒன்றுகூட இருந்திருக்காது.
அப்புறம் இரண்டாம் பதிப்பு, மூன்றாவது,
பள்ளிக்கூடங்கள், மாலை, பொன்னாடை.
எடைமேடை வேலையை மட்டும் அவள் விடவில்லை.

ஏற்காட்டு நூலகத்தில் ஒரு கூட்டம்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தாள்.
நாகலூர் காப்பித் தோட்டத்திலிருந்து
செல்லக்கிளி என்று ஒரு பெண், ஏழு வயது,
கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டினாள்.
யானை வருமிடமெல்லாம்
னைக்கு ஒரு துதிக்கை, பென்சிலில்.
அட்டையில் தெய்வானைக்கும்.
பழைய எழுத்தை அவள் பார்த்ததே இல்லை.
"இது இல்லாம எப்படித் தண்ணி குடிக்கும்?"

தெய்வானை பேனாவை மூடினாள்.
இந்தப் பிரதியை எனக்குத் தந்துவிடு,
பத்துப் புதுப் புத்தகம் தருகிறேன் என்றாள்.

செல்லக்கிளி கொஞ்சம் யோசித்தாள்.
தரமாட்டேன் என்றாள்.