மூன்றாம் பாகம், 412ஆம் பக்கம்

முதல் தாளிலேயே வரைபடம் இருந்தால்
அந்த நாவலை நான் பாதிதான் நம்புவேன்.
வடக்கே பனிமலை, தெற்கே சாபம் விழுந்த காடு,
நடுவில் நீலக்கோடாய் நெளியும் ஆறு.
ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில்
பாலாற்றையும் நீலத்தில்தான் போட்டிருந்தார்கள்.
நான் படித்த முதல் மாயாஜாலக் கதை அது.

வேலூரிலிருந்து சிப்காட்டுக்கு கம்பெனி பஸ்.
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல்.
போக ஐம்பது நிமிஷம், திரும்ப ஒன்றேகால் மணி.
ஏழு வருஷத்தில் பதினோரு சாம்ராஜ்யங்கள்
என் மடியில், சாப்பாட்டுப் பைமேல் சரிந்திருக்கின்றன.
அந்த உரிமையில் சொல்கிறேன்:

அநாதைப் பையன்கள் போதும்.
பன்றி மேய்த்தவன் ஒருத்தனாவது
கடைசிவரை பன்றி மேய்க்கட்டும்.
தோளில் மச்சம் தேடாதீர்கள்.
எங்கள் ஷெட்டில் நூற்றுநாற்பது பேர்,
எல்லார் உடம்பிலும் ஏதோ ஒரு தழும்பு,
எந்த வாளும் இதுவரை யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

டிராகன் பிடிக்கும்.
ஆனால் அதைக் கொன்று
'தோலை உரித்துக் கவசம் செய்தான்' என்று
ஒரே வரியில் தாண்டிப் போகிறார்களே,
அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.
பச்சைத் தோலுக்கு உப்பு போட்டது யார்?
சுண்ணாம்பில் எத்தனை நாள்?
சவ்வு வழித்த கத்தி எங்கே?
நாற்றம் எந்தத் தெருவரை அடித்தது?
மறுநாள் காலையிலேயே மாட்டிக்கொண்டு
குதிரை ஏறுகிறான் மகாவீரன்.
ராணிப்பேட்டையில் இதைச் சத்தமாய்ப் படித்தால்
வாட்ச்மேன்கூடச் சிரிப்பார்.

மந்திரத்துக்கு விலை இருக்க வேண்டும்.
விரலைச் சொடுக்கினால் நெருப்பு என்பது எனக்கு ஒப்பாது.
குரோம் டிரம்மில் ஒன்பது வருஷம் நின்ற
தனபாக்கியத்தின் நகங்களைப் பார்த்தவள் நான்.

இம்தியாஸ் ஒத்துக்கொள்ள மாட்டான்.
மேல்விஷாரத்தில் ஏறுவான், கணக்குப் பிரிவு.
புத்தகமெல்லாம் அவனுடையது.
கண்ணாடித் தாளில் அட்டை போட்டு
'மூலை மடிக்காதீர்' என்று பச்சை மையில் எழுதியிருப்பான்.
"லாஜிக் பாத்தா கதையே இல்லக்கா."
"லாஜிக் யாருடா கேட்டா? உப்புதான் கேக்கறேன்."

முடிசூட்டில் முடிகிற கதைகளுக்கு
அவன் அழுவான். எனக்குக் கொட்டாவி.
அரசனில்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
அரசன் இல்லாததால்தானே
ஞாயிறு மாலை அகழிச் சுவரில் சாய்ந்து
நான் படிக்க முடிகிறது?
சுண்டல்காரரைத் தவிர யாரும் எழுப்புவதில்லை.

அன்றைக்கு நவம்பர், தூறல்.
சூனியக்காரி மூன்றாம் கதவில் கை வைக்கிறாள்.
ஆற்காட்டுப் பாலத்தில் பஸ் நின்றது.
இன்ஜினை அணைத்துவிட்டு
டிரைவர் சம்பந்தம் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனார்.
பிறகுதான் சத்தம் கேட்டது.

தண்ணீர்.
மணல் லாரி திரும்பும் இடத்தில்,
பையன்கள் ஸ்டம்பு நட்ட இடத்தில்,
கரையிலிருந்து கரைவரை.
நீலம் இல்லை. டீத்தூள் வடிகட்டிய நிறம்.
வாழைமரம் ஒன்று வேரோடு வந்தது.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
கவிழாமல், நிமிர்ந்தபடி,
காலியாகவே பாலத்துக்கடியில் போனது.
யாரோ கற்பூரம் ஏற்றினார்கள், அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள்.
தனபாக்கியம் துபாயிலிருக்கும் மகனுக்கு
போனைத் தலைகீழாய்ப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.
வர்ணிக்க வேண்டுமென்றால் நான் இவ்வளவுதான் எழுதுவேன்.
பெருநதி, வெள்ளிப் பாம்பு எதுவும் வேண்டாம்.

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னன்னா," என்று
இம்தியாஸ் வாயெடுத்தான்.
"வாயை மூடு," என்றேன்.
நின்றோம். நாற்பது நிமிஷம் இருக்கும்.

அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.
யாரும் சண்டைக்குப் போகவில்லை.
ஜன்னலோரம் விட்டுப்போன புத்தகம்
412ஆம் பக்கத்திலிருந்து ஊறி
இட்லிபோல உப்பியிருந்தது.
இம்தியாஸ் அதைப் புரட்டிப் பார்த்தான்.
"மூலை மடங்கல," என்றேன்.