மரண அறிவித்தல், ஏ4

கொட்டாஞ்சேனை அச்சகத்தில்
இரவு எட்டரைக்கு மேல் நான்தான் வடிவமைப்பாளன்.
பகலில் முதலாம் ஆண்டு:
புள்ளி நகர்ந்தால் கோடு,
கோடு மூடினால் வடிவம்,
பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

வந்தவர் ஈரக் குடையை மடக்கவில்லை.
கைப்பேசியில் மனைவி,
யாருடையதோ கல்யாணப் படத்தில்;
அவள் தோளில் இன்னொருத்தியின் கை.

திருமதி இராசமலர் என்பதைப்
பாமினி எழுத்தில் பெரிதாக்கினேன்.
கண் முதலில் விழவேண்டிய இடம் அது.
பிள்ளைகள், மருமக்கள், கனடா, லண்டன்
எல்லோரையும் இடது ஓரத்தில்
ஒரே நேரில் நிறுத்தினேன்.
உயிரோடு அப்படி நின்றிருக்கமாட்டார்கள்.

கீழே நாலு விரல் வெள்ளை.
"இதென்ன தம்பி, வெறுமையாக் கிடக்கு?
முழுத் தாளுக்கும்தானே காசு?"
வெற்றிடமும் ஒரு வடிவம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டு குத்துவிளக்கு வைத்தேன்.

திரையையே பார்த்திருந்தார்.
"அந்தக் கையை அழிக்கலாமோ?"
அழிக்கலாம் என்றேன்.
"வேண்டாம், விடும்.
தங்கச்சியின்ர கை."

ஐம்பது பிரதி.
சூடு ஆறுமுன் ஒன்றை எடுத்து
நாலாக மடித்தார்.
பெயருக்குக் குறுக்கே விழுந்தது
நான் போடாத ஒரு கோடு.