கேட்பாரற்றது

ஆர்ஹுஸ் நகரத்து நீச்சல் குளத்தில்
விபெக விசில் ஊதினால்
அவள் காதுக்குள் இன்னொரு விசில் பதில் சொல்கிறது.
தண்ணீரில் பன்னிரண்டு பிள்ளைகள்.
அவர்கள் ஊதவில்லை.
ஊதியது காதுக் கருவி.

புகார் கைமாறிக் கைமாறி
நவம்பர் கடைசியில் என் மேசைக்கு வந்தது.
ஒலிப் பொறியாளர்கள் கைகழுவிவிட்டார்கள்:
'எங்கள் கணக்கு சரி, உங்கள் கம்பைலரைப் பாருங்கள்.'
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை
பிழை அவர்களுடையது.

வேகம் கேட்காமல் தொகுத்தால்
கருவி வாய் திறப்பதில்லை.
வேகம் கேட்டால் ஊதுகிறது.
என்னதான் நடக்கிறதென்று பார்க்க
நடுவில் ஒரு வரி அச்சிடச் சொன்னேன். ஊதல் நின்றது.
அந்த வரியை எடுத்தேன். ஊதியது.
ஆள் பார்க்கும்போது மட்டும்
சமர்த்தாக இருக்கும் பிள்ளை.

மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
கம்பைலர் உமிழ்ந்த அசெம்பிளியை
விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன்.
ரை ரொட்டி தட்டிலேயே காய்ந்தது.
எதிரொலியை அடக்கும் லூப் அது.
ஒவ்வொரு சுற்றின் முடிவிலும்
ஒரு எண்ணை நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும்.
அடுத்த சுற்றின் முதல் வேலை அதைப் படிப்பது.
படிப்பது இருந்தது.
எழுதுவதைக் காணோம்.

அழித்தது யார் என்பதில் சந்தேகமில்லை.
கேட்பாரற்ற எழுத்துகளை நீக்குவதற்கென்றே
எங்களிடம் ஒரு கட்டம் உண்டு.
எழுதிய மதிப்பை இனி யாரும் படிக்கப்போவதில்லை என்றால்
எழுதுவானேன்?
நியாயமான கேள்விதான்.
பேட்டரி ஒரு நாள் கூடுதலாக ஓடுவதே
இந்தக் கேள்வியால்.

அது தேடும் விதம் இப்படி:
எழுதிய இடத்தில் நிற்கும்.
அங்கிருந்து கீழே, இன்னும் கீழே, கிளை கிளையாக
படிப்பவர் உண்டா என்று பார்த்துக்கொண்டே போகும்.
நுழைந்த அறைக்கெல்லாம் சுண்ணாம்பால் ஒரு கோடு.
கோடு இல்லாவிட்டால்
லூப்புக்குள் விடிய விடியச் சுற்றும்.

வியாழக்கிழமை, மழையில்,
சைக்கிள் பூட்டுக்குள் சாவி பாதி நுழைந்திருந்தபோது
பிடிபட்டது.

அது நின்ற இடம் அறையின் நடு.
புறப்படும் முன்பே அந்த அறைக்கும் கோடு போட்டுவிடுகிறது.
பார்த்ததோ கீழ்ப்பாதி.
லூப் வளைந்து அதே அறை வாசலுக்கு வரும்போது
கோட்டைப் பார்த்து
'வந்த இடம்தானே' என்று திரும்பிவிடுகிறது.
மேல்பாதியில், வாசலை ஒட்டி,
ஒருவர் கை நீட்டி நின்றுகொண்டிருக்கிறார்.

எட்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.
இப்படிப்பட்ட மதிப்புகளைப் பெரும்பாலும்
முந்தைய கட்டமே பதிவேட்டுக்கு ஏற்றிவிடும்.
நினைவகத்தில் மிஞ்சுவது அபூர்வம்.
எழுதியவன் டோர்கில்.
இரட்டைக் குழந்தைகள் பிறந்த வாரம் அது என்றான்,
நான் ஒன்றும் கேட்காமலேயே.

ஒரே ஒரு வரியை நகர்த்தினேன்.
புறப்படும் அறைக்கு இப்போது கோடு கிடையாது;
திரும்பி வந்து, வாசலிலிருந்து பார்த்தால்தான்.
கூடவே பதினோரு வரியில் ஒரு சோதனை.
நாலாயிரம் சோதனைகளும் ஓடி முடிய ஐம்பது நிமிடம்.
எல்லாம் பச்சை.
வேகப் பட்டியலில் மட்டும் ஓரிடத்தில்
அரை சதவீதத்துக்கும் குறைவாக ஒரு சரிவு.

'ஒரு விசிலுக்காகவா?' என்றான் டோர்கில்.
அரைமணி கழித்து
'சரி' என்று ஒற்றைச் சொல்லில்
ஒப்புதல் வந்தது.

ஜனவரியில் விபெக எழுதியிருந்தாள்.
விசில் போய்விட்டதாம்.
குளம் இத்தனை இரைச்சல் என்று தெரியாதாம்.
ஆழமான முனையில் ஒரு பையன்
தலையைத் தூக்கும்போதெல்லாம்
ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு முங்குகிறானாம்.
எதை எண்ணுகிறான் என்று அவள் கேட்கவில்லை.
நேற்று இருபத்தேழு வரை போனானாம்.