கொஞ்சம் சத்தம்

வியாழன், பத்தே கால். ஐந்தாம் ஆண்டு.
வடிவமைப்பும் தொழில்நுட்பமும்:
ஒரு மணி நேரம்,
அதில் பத்து நிமிடம்
கத்தரிக்கோல் எண்ணுவதிலேயே போய்விடும்.
முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பதினொன்று.
பசைத் துப்பாக்கி ஒன்று,
அதுவும் மனம் இருந்தால்தான் உருகும்.

'சிக்கலைக் கண்டறிக' என்கிறது பயிற்றி.
எழுதத் தந்த கட்டம் தீப்பெட்டி அளவு.
'குப்பை' என்றார்கள் பாதிப் பேர்,
போன வருடம் பரிசு வாங்கியது
குப்பைத்தொட்டிதான்.
யுவனேஷ் 'தங்கச்சி' என்று எழுதினான்.
அழிக்கச் சொன்னேன்.

லோஷினியின் எழுத்து
கட்டம் தாண்டி ஓரத்தில் இறங்கியிருந்தது:
'அம்மாவுக்கு நைட் ஷிப்ட்.
பாயான் லெப்பாஸ் பஸ் காலையில்தான் இறக்கிவிடும்.
மத்தியானம் நான் போய்
கம்பிக்கதவை இழுத்தா அது கத்தும்.
அம்மா எழுந்திருவாங்க.
எழுந்தா சோறு போடுவாங்க.
அப்புறம் தூங்க மாட்டாங்க.'

ஸ்கேலை ஒரு நாள் கடன் கேட்டாள்.
மறுநாள் அளவோடு வந்தாள்:
மூன்று ஸ்கேல், ஓர் அழிப்பான்.
பொருள்கள்: சைக்கிள் டியூப்,
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு,
பிறந்தநாள் மெழுகுவத்தி, எரிந்தது, ஐந்து.

சோதனைக்குக் கிடைத்தது
விளையாட்டுச் சாமான் அறையின் துருக்கதவு.
டியூபை வரித்துக் கட்டினாள்.
தண்டவாளத்தில் மெழுகு தேய்த்தாள்.
'இழுக்கப்போறேன்' என்றாள்.

நான் சொல்லாமலே
அந்த வகுப்பு வாய்மூடியது
அந்த வருடத்தில் அன்றுதான்.
முப்பத்தொரு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க
கதவு
க்ரீச் என்றது, எலிக்குஞ்சு போல.
'சின்னதாத்தான் கத்துது, டீச்சர்,'
யுவனேஷ் சாட்சி சொன்னான்.

'மேம்படுத்துக' கட்டத்தில்
இன்னும் இரண்டு மெழுகுவத்தி சேர்ந்தன.

அடுத்த வியாழன் கேட்டேன்.
'சத்தமே வரல டீச்சர்.'
'அப்போ தூங்கினாங்களா?'
'இல்ல. எழுந்து வாசலுக்கு வந்துட்டாங்க.
மணி ஒன்னே முக்கால் ஆச்சு,
கதவு இன்னும் கத்தலையேன்னு.'

அவள் சிரிக்கவில்லை.
சிவப்புப் பேனாவை மூடினேன்,
திறந்தேன்.
அடைவுநிலை நான்கு என்றால் நான்கு ஏன்,
ஐந்து என்றால் எதற்கு,
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

அதற்குள் அவள்
பாதி டியூபைக் கழற்றிவிட்டு
மேம்படுத்துக என்பதன் கீழ் எழுதியிருந்தாள்:
'கொஞ்சம் சத்தம் வேணும்.'

எவ்வளவு என்று அளந்து சொல்ல
எங்கள் பள்ளியில் கருவி இல்லை.
ஸ்கேலைத் திரும்பக் கொடுத்துவிட்டாள்.