பெயர் மாற்றம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
கூட்ஸ் போகிறது, முடிகிற மாதிரி தெரியவில்லை.
பெட்டிகளின் எண்களைப் படிக்காமலிருக்கப் பார்க்கிறேன்.
தொழில் புத்தி.

கேட்டுக்கு அந்தப் பக்கம் என் தெருக்கள்.
அவற்றுக்கும் எண்தான், பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை.
மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்
கணக்கில் வராத ஒரு சந்து;
ஜனங்கள் அதை மூணரை என்கிறார்கள்.
மூணரையில் முதல் கட்டடம்,
பழைய எண் நாற்பத்தாறு, புதிய எண் பதினொன்று.
கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
நடுவில் முப்பத்தைந்து எங்கே போனதென்று
யாரும் புகார் கொடுக்கவில்லை.

மாடிப்படிக்கு அடியில்,
டயர் இறங்கிய ஒரு ஸ்கூட்டரைத் தாண்டி
பதினாறு மீட்டர்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிவேன்.
இங்கே எனக்கு யாரையும் தெரியாது.
கடைசி மூன்று இலக்கம் தெரியும், அது போதும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு:
நூறு யூனிட் இலவசத்துக்குள் குடித்தனம் நடத்தத் தெரிந்த கை.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது.
ஒரு சித்திரையில் மட்டும் நூற்று நாற்பது.
யாரோ வந்து தங்கிப் போயிருக்கிறார்கள்.

முந்நூற்றுப் பதினேழு
திடீரென்று நானூற்றுச் சொச்சம் ஓடியது.
ஏசி போட்டுவிட்டார்கள், புது மருமகள் என்று நினைத்தேன்.
ஆக்சிஜன் மிஷினாம்.
அடுத்த தடவை அறுபது.
வெள்ளை அட்டையில் அந்த அறுபதை
வழக்கத்தைவிடச் சின்னதாக எழுதினேன்,
ஏனென்று தெரியாது.

மின்சாரம் எண்ணூரிலிருந்து வருகிறது என்பார் எங்கள் ஜே.இ.
பெயரிலேயே எண் இருக்கிற ஊர்.
சாம்பல் அங்கிருந்து வருவது நிச்சயம்.
மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தால்தான்
உள்ளே ஓடுவது தெரியும்.

முந்நூற்று இருபது. நுகர்வோர்: பா. துளசிங்கம்.
அட்டை வாங்கப் படியேறினால்
கதவைத் திறந்தது ரெஜினா.
'சார், பேர மாத்தணும்னா இன்னா ஆவும்?'
பத்திரம், வரி ரசீது, அப்புறம்
துளசிங்கத்தின் இறப்புச் சான்றிதழ்.
'அவரு செத்தாரான்னே தெரியாதே சார்.
நாங்க வாங்குனது மோசஸ் கைல.
மோசஸுக்கும் அவரு யார்னு தெரியாது.
இருவத்திரண்டு வர்சமா
அவரு பேர்லதான் கட்டிக்கினு கீறோம்.'

ஃபேன் நின்றால் பிள்ளைகள்
துளசிங்கம் கோச்சிக்கினாரு என்கிறார்களாம்.
சின்னவளைப் பள்ளியில் சேர்க்க
முகவரிச் சான்றாய்ப் போனதும் அவர்தான்.
போன கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டில்
ஒரு மெழுகுவர்த்தி அதிகம் வாங்கினாளாம்.
'எங்க ஏத்தறதுன்னு தெரியல சார்.
பேரு இருக்குது, கல்லுதான் இல்ல.
மதில் மேல வெச்சிட்டு வந்துட்டேன்.'

கருவியில் ஏற்றினேன். தொண்ணூற்றேழு.
ஆபீஸ் பலகையில் எல்லாம் போட்டிருக்கும் என்றேன்.
படியிறங்கும்போது கேட்டாள்,
'உங்க பேரு இன்னா சார்?'
பின்னாலிருந்து ஒரு பிள்ளை முந்திக்கொண்டது:
'கரண்டும்மா.'

இரண்டு மாதம் கழித்துக் குனிந்தபோது
முந்நூற்று இருபதுக்குக் கீழே
சிவப்பு நகப்பூச்சில் எழுதியிருந்தது:
ரெஜினா, கேர் ஆஃப் துளசிங்கம்.
பலகையில் இடம் போதாமல்
கடைசி எழுத்து சுவரில் ஏறியிருந்தது.
அதைப் பார்த்துப் பன்னிரண்டும்
கரித்துண்டால், கோணலாக: மல்லேஸ்வரி.
அப்படியா, நூறைத் தாண்டாத கைக்கு அதுதான் பெயரா.
பதினேழின் கீழே ஒன்றுமில்லை.

ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறதாம்.
யாரும் குனிய வேண்டாம்,
எண்ணை அதுவே சொல்லிவிடும்.
என் கருவியில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.
கண்ணாடி மேலிருந்த சாம்பலைத் துடைத்தேன்.
பிறகு நகப்பூச்சின் மேலிருந்ததை,
மெதுவாக,
உரிந்துவிடாமல்.